பேய்க்குக் கொடுத்த மூச்சு

நேற்று பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் பழைய பேய் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து கரகரவென்று மூச்சு கேட்டது. அது என் அப்பாவின் மூச்சு.

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சோடு வந்து மதியம் கூடத்தில் தூங்குவார். அவர் நெஞ்சின் இரைச்சல் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. வீடியோ கேம்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையிலிருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் ஒரு பேய் விளையாட்டுக்காக அதைப் பதிவு செய்தார்.

ஹெட்போனில் கேட்டதும் மாமாவின் முகம் வெளுத்தது. "அக்கா, மச்சானுக்கு நடுவுல மூச்சே நின்னு போகுதுங்க. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்க."

விழித்த அப்பா சிரித்தார். "பஞ்சுத் தூசி மாப்ள. அதுக்கெல்லாம் யாரு லீவு போடறது?"

மூன்றே மாதத்தில் ஆலையிலேயே விழுந்து இறந்தார்.

விளையாட்டு வெளிவரும் முன் மாமா வந்து அழுதார். "அந்தச் சத்தத்த எடுத்துப்போடட்டுங்களா அக்கா?"

அம்மா ஹெட்போனை வாங்கி நெடுநேரம் கேட்டாள். "இருக்கட்டும் கண்ணு. எங்கியாச்சும் மூச்சு உட்டுட்டு இருக்கட்டும்."

பேருந்தில் அந்தப் பெண் பயந்துபோய்ச் சத்தத்தை நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வையுங்க அம்மணி" என்றேன்.