நின்று நின்று ஓடிய கார்

அப்பாவுக்காகத்தான் அந்தக் காரை வாங்கினோம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் மூட்டை எடை போட்டவர் அவர். அந்தத் தூசியா, பீடியா என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. எழுபது வயதில் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆட்டோவில் போனால் புகையடித்து, இறங்குவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும்.

கார் என் நண்பனுடையது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருப்பவன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து, ஒரே தெருவில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள். அவன் புது வண்டி எடுத்ததால் பழையதை எனக்குக் கொடுத்தான். ஏழு வருஷம் ஓடிய சின்னக் கார். “கண்ண மூடிட்டு எடுத்துக்கடா” என்றான். அப்படியேதான் எடுத்துக்கொண்டேன். ஒரு மெக்கானிக்கிடம் காட்டவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தோப்பும்படி சிக்னலில் இன்ஜின் அணைந்துவிட்டது. இருமவுமில்லை, உதறவுமில்லை. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேர் தள்ளி ஓரமாக விட்டார்கள். இருபது நிமிஷம் கழித்துச் சும்மா திருப்பிப் பார்த்தேன், உடனே கிளம்பியது. அப்பா பின்சீட்டில் என் மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார்.

பள்ளுருத்தி சாலையில் ஒரு மெக்கானிக் சேட்டன் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவசரப்படாதவர். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் காட்டவில்லை. ஓட்டிப் பார்த்தார், வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிளக்கை மாற்றி, பெட்ரோல் பில்டரை மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி நின்றது. இப்படியே நாலைந்து தடவை. எப்போது நிற்கிறது, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு பழைய டைரியில் குறித்துவைத்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தம் தெரியவில்லை.

“ஓடுற வண்டியில ரோகம் தெரியாது சாரே. நிக்கும்போ கொண்டுவரணும்” என்றார் சேட்டன். நின்றுபோன வண்டியை எப்படிக் கொண்டுவருவது? கட்டி இழுத்துக்கொண்டு போவதற்குள் அது சரியாகிவிட்டிருக்கும்.

ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் அப்பாவுக்கு மூச்சு மிகவும் சிரமமாகிவிட்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட நாமே போய்விடலாம் என்று முடிவு செய்தது நான்தான். தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி, வில்லிங்டன் தீவுச் சாலையில் வண்டி நின்றது. சாவியை எத்தனை தடவை திருப்பினேன் என்று தெரியாது. அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. காலியாக ஒரு ஆட்டோ வர கால்மணி நேரத்துக்கு மேலாயிற்று. அப்பாவை நானும் மனைவியும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினோம். ஆட்டோ கிளம்பியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வண்டியப் பூட்டினியா?”

பூட்டவில்லை. சாவியும் அதிலேயே இருந்தது. ஆட்டோவிலிருந்தே நண்பனுக்குப் போன் செய்தேன். “நீ அப்பாவைப் பாரு, வண்டிய நான் எடுத்துட்டு வர்றேன்” என்றான். மத்தியானம் என் மனைவி துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது கார் வாசலில் நின்றிருந்தது.

அப்பா இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்து இறந்துபோனார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நண்பன்தான் பாடை கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் கார் வாசலிலேயே கிடந்தது. எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றாள் மனைவி. அதைப் பார்க்காமலிருக்க அவள் பின்வாசல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தாள். எனக்கு மனம் வரவில்லை. அது ஏன் நின்றது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று யோசிக்கவில்லை.

லீவு போட்டுவிட்டுச் சேட்டனிடம் போனேன். இன்று முழுக்க இங்கேயே இருக்கிறேன், நிற்கும்வரை ஓடட்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மறுக்கவில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தி, ஏசியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. இரண்டு சாயா குடித்தோம். பிறகு, பேச்சின் நடுவில், அது அணைந்தது.

சேட்டன் எழுந்து போய் ஒரு பாட்டில் தண்ணீரை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மெதுவாக ஊற்றினார். சாவியைத் திருப்பச் சொன்னார். உடனே கிளம்பியது.

இன்ஜின் சுற்றுவதைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு சின்னச் சென்சார் அங்கே இருக்கிறது. சூடேறினால் அது செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். விரல் அளவுகூட இல்லை. அதைக் கழற்றியவர் கொஞ்ச நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சூடு படாமலிருக்க ஒரு ரப்பர் குழாயை வெட்டி மேலே கட்டியிருந்தார்கள்.

“இது கம்பெனி சாதனம் இல்ல” என்றார். “நமக்கு முன்ன ஒராள் இதைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கு.”

நண்பன் யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். நேராக அங்கே போனேன். சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லை. ஒரு அலமாரிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். ரப்பர் குழாயைக் காட்டினேன். அவன் துணியைக் கீழே வைத்தான்.

“மூணு நாலு வாட்டி நின்னுதுடா. சென்சார மாத்தினேன். அப்புறம் நிக்கல. சரியாயிடுச்சுன்னுதான் நினைச்சேன்.”

நான் வாங்கிய பிறகு எத்தனையோ தடவை நின்றதை அவனிடமே சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அப்போதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அப்போ சொன்னா, முன்னாடியே ஏன் சொல்லலேன்னு கேட்டிருப்பே.”

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். பிறகு ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை வருந்துகிறேன். அன்றைக்குத் தீவிலிருந்து வண்டியை எப்படி எடுத்துவந்தாய் என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “தண்ணி ஊத்தினேன்.”

கத்தவேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். நான் வெளியே வந்து, படகுத்துறை வரைக்கும் நடந்து, அங்கே வெகுநேரம் நின்றிருந்தேன்.

புதுச் சென்சார் போட்ட பிறகு கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. விற்கும்போது வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் வேண்டாமென்று போய்விட்டார்கள். வைப்பினிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரி முழுதாகக் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

மனைவியிடம் அந்தக் கடைசிக் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அப்பாவின் முதல் திதிக்கு அவள்தான் நண்பனைக் கூப்பிட்டிருந்தாள். வந்தான். பந்தியின் கடைசியில் உட்கார்ந்தான். பாயசம் பரிமாறியது நான். போதும் என்று கையைக் காட்டினான். நான் அடுத்த இலைக்குப் போனேன்.