மிளகாய்த்தூளுக்குள் வைத்த கொடி

அவர் பென்சன் எடுத்த வருடம் நாங்கள் லண்டனுக்குப் போனோம். அவருடைய தங்கச்சி, என் மச்சாள், ஹரோவில் குடும்பமாக இருந்தாள். ஒரு மாதம் வந்து நின்றுவிட்டுப் போங்கள் என்று ரிக்கெற்றும் அனுப்பியிருந்தாள். நாங்கள் அப்போது கொழும்பில் இருந்தோம். அதுவரை நான் பிளேனைக் கீழே நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

டுபாயில் இறக்கி ஆறு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். அவர் கதிரையில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். எங்கள் ஆட்களில் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து இருந்து என் கழுத்தைப் பார்த்தாள்.

“அன்ரி, உந்தத் தாலிக்கொடியோடையே லண்டனுக்குப் போறியள்?”

“ஓம் பிள்ளை.”

“அங்கை கஸ்டம்ஸிலை கண்டா வரி கட்டச் சொல்லுவாங்கள். இல்லாட்டிப் பறிச்சுப்போடுவாங்கள். எங்கடை மாமி ஒராளுக்கு நடந்தது.”

சொல்லிவிட்டு அவள் தன் பிளேனுக்குப் போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரை எழுப்பியிருக்கலாம். எழுப்பினால், ‘ஆர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிரும்’ என்பார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு பெண்களின் கக்கூசுக்குப் போய்க் கதவைப் பூட்டினேன்.

அந்தப் பைக்குள் நாலு பை மிளகாய்த்தூள் இருந்தது. பெட்டி தொலைந்தாலும் தூள் தொலையக்கூடாது என்று அதைக் கையோடு வைத்திருந்தேன். ஒரு பையை அவிழ்த்து, கொடியைக் கழற்றி முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றி, நடுத்தூளுக்குள் புதைத்தேன். அடையாளத்துக்கு இரண்டு றப்பர் வளையம் போட்டேன். புருசன் இருக்கக் கழுத்தை வெறுமையாக விடக்கூடாது. கொடியைத் திருத்தக் கொடுத்தாலும் மஞ்சள் துண்டொன்றைக் கயிற்றில் கட்டிப் போட்டுக்கொள்வோம். மஞ்சளும் பையில் இருந்தது. தைக்கிற நூலை நாலாக முறுக்கி, மஞ்சளை நனைத்துத் தேய்த்துக் கட்டினேன். கொடியைத் திரும்பப் போடுவதென்றால் அவர் கையால்தான் போடவேண்டும். மச்சாள் வீட்டில் குளித்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து அவரிடம் சொல்வோம் என்று நினைத்தேன்.

லண்டனில் என்னை ஒருவரும் பார்க்கவே இல்லை. பாஸ்போட் பார்த்த ஒபிசர், எத்தனை நாள் நிற்பீர்கள் என்று அவரைக் கேட்டு முத்திரை குத்தினான். அவ்வளவுதான்.

விடியவே மச்சாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். குளித்தேன். இடியப்பம் சாப்பிட்டேன். கொஞ்சம் சரிவோம் என்று படுத்தவள் பின்னேரம் நாலு மணிக்குத்தான் எழும்பினேன். வெயில் அப்படியே நின்றது. குசினிக்குப் போனால், மச்சாள் என் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தூளில் மூன்று பைதான் இருந்தன. மூன்றிலும் ஒற்றை வளையம்.

“மச்சாள், மற்றத் தூள்?”

“சம்பந்தியம்மா காலமை ஷிப்ட் முடிஞ்சு போற வழியிலை உங்களைப் பாக்க வந்தவ. நீங்கள் நல்ல நித்திரை. வெறுங்கையோடை அனுப்பக்கூடாதெண்டு ஒண்டைக் குடுத்துவிட்டனான்.”

மச்சாளின் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அது. டூட்டிங்கில் இருந்தது. அந்த அம்மாவை நான் கல்யாணப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அவவிடம் போய் என்னவென்று கேட்பது? இவரிடம்தான் என்னவென்று சொல்வது?

அடுத்த நாள் எல்லாரும் எங்களை மகாராணியின் வீட்டைக் காட்டக் கொண்டுபோனார்கள். நான் மச்சாளின் சுவெற்றரைப் போட்டுக் கழுத்துவரை தெறியைப் பூட்டியிருந்தேன்.

“மச்சாள், இந்த வெக்கைக்கும் சுவெற்றரே?”

“எனக்குக் குளிருது.”

மகாராணியின் வீட்டுக்கு எத்தனை யன்னல் என்று அவர் எண்ணிக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா தூளை அள்ளும்போது கரண்டியில் என்ன தட்டுப்படும் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தேன்.

“சம்பந்தி வீட்டை ஒருக்காப் போய் வருவமே?”

அவர் சோற்றுக்கையோடு என்னைப் பார்த்தார். “இஞ்சரும், கலியாண வீட்டுக்கு வாரும் எண்டாலே உமக்கு வயித்துக்குத்து வரும். லண்டன் காத்துப் பட்டு உமக்கும் வாய் வந்திட்டுது போலை.” மச்சாள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மாவுக்கு லீவு. இரண்டு ரெயின் மாறிப் போனோம். மற்றவர்கள் முன்னறையில் இருக்க, நான் உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் போனேன். அவ கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றா.

“தூள் எப்பிடி? வறுத்தது காணுமோ?”

“அதை இன்னும் உடைக்கேல்லை. பிறீசருக்குள்ளை வைச்சிருக்கிறன். ஊர்த்தூளைக் கண்டபடி எடுக்கிறதே? ஆடி அமாவாசைக்குப் படைக்கேக்கைதான் எடுப்பன்.”

நான் குசினி வாசலை ஒருக்கால் எட்டிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“அதுக்குள்ளை என்ரை தாலிக்கொடி கிடக்கு.”

அவ திரும்பிப் பார்த்தா. நான் சுவெற்றரின் மேல் தெறியைக் கழற்றிக் கயிற்றைக் காட்டினேன். அவ அடுப்பை நிற்பாட்டினா. சிரிக்கவில்லை. பட்டாணிப் பைகளுக்குப் பின்னாலிருந்து தூளை இழுத்தெடுத்து ஒரு தாம்பாளத்தில் கொட்டினா. இரண்டு பேருக்கும் தும்மல் தொடங்கிவிட்டது.

“என்ன, குசினிக்குள்ளை தும்மல் போட்டியே நடக்குது?” என்று கேட்டபடி அவர் வாசலில் வந்து நின்றார். தாம்பாளத்தைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

“டுபாயிலையோ?”

“ஓம். பறிப்பாங்கள் எண்டு ஒரு பிள்ளை சொன்னது.”

“உம்மடை சட்டைக் கழுத்து மஞ்சளாக் கிடக்கக் கண்டனான். மஞ்சள் பூசிக் குளிச்சனீராக்கும் எண்டு இருந்திட்டன்.” கிட்ட வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “என்னை எழுப்பியிருக்கலாமே.”

“நித்திரையாக் கிடந்தியள்.”

சம்பந்தியம்மா கொடியைக் கழுவித் துடைத்துச் சாமி அலுமாரியைத் திறந்து படத்துக்கு முன்னால் வைத்தா. “அண்ணை, எடுத்துப் போடுங்கோ.” கொடியின் முனைகளைப் பொருத்துகிற சுரையை அவருக்குப் பூட்டத் தெரியவில்லை. கண்ணாடியை மச்சாள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தும்மல் கேட்டு வந்து நின்ற மச்சாள் விடுவாளா?

“முதல் கட்டேக்கை கண்ணாடி இல்லாமல்தானே அண்ணை கட்டினியள்!”

“அப்ப மேளம் அடிச்சவங்கள். இப்ப நீ கத்துறாய்.”

கொடி பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. ரெயின் ஏறி இருக்கக் கழுத்து எரியத் தொடங்கியது. எவ்வளவு கழுவினாலும் கொடியின் பின்னலுக்குள் தூள் நின்றுவிட்டது. நான் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

“எரியுதோ?” என்றார்.

“ஓம்.”

பேப்பரை மடித்து அவர் விசிறிவிட்டார். எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்றாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போதும் டுபாயில் ஆறு மணித்தியாலம் இருக்கவேண்டி வந்தது. நான் கதிரையில் நித்திரையாகிவிட்டேன். அவர் கண்ணே மூடவில்லை.