கலவாய்க்குக் கீழே

என் வரவேற்பறைச் சுவரில் நான்கு மீன்கள் இருக்கின்றன: பாரை, கிளிமீன், ஒட்டி, கலவாய். தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் நிறம் தீட்டிய மிகப் பழைய படங்கள். வெள்ளவத்தையில் என் தொடர்மாடி வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றை மெச்சாமல் போவதில்லை. ஒவ்வொரு மீனுக்குக் கீழேயும் விரலகலத்துக்குத் தாள் வெளுத்திருப்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

அவை மாமாவின் படங்கள். அம்மாவின் அண்ணன், புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த அலுவலகத்தைக் காலிசெய்து ஒதுக்கியபோது, கட்டு விட்டுப்போன ஒரு புத்தகத்தின் தாள்களைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினிச் சுவரில் மாட்டினாராம். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் அங்கே போனால், மாமா சந்தைப் பையோடு படங்களுக்கு முன்னால் நின்று, "இண்டைக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு வர?" என்று மாமியைக் கேட்பார். மாமி அகப்பையால் ஒன்றைக் காட்டுவார்.

மாமா போன வருடம் இறந்தார். பழைய மீன் படங்களை நான் தேடிச் சேர்ப்பது மாமிக்குத் தெரியும். குசினிக்கு வண்ணமடிக்கக் கழற்றியபோது நான்கையும் என்னிடம் தந்துவிட்டார். நான் பொறியியல் படித்தவள். பட்டியல் இல்லாமல் எதையும் தொடுவதில்லை. தாளின் அளவு, கறை, கிழிசல், எண்ணெய்ப் புள்ளி. கடைசி வரி: 'கீழே பென்சில் எழுத்து; நீக்க வேண்டும்.' பழம்படங்களைத் துப்புரவாக்கும் விதம் பற்றி நான் வாசித்ததெல்லாம் அப்படித்தான் சொன்னது. மென்மையான அழிறப்பரால் இரண்டு மாலைகள் பொறுமையாக அழித்து, சரி அடையாளமும் இட்டேன்.

பிறேம் போட்டபின் மாமியைக் கூட்டிவந்து காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் கீழும் குனிந்து பார்த்தார்.

"எழுத்து எங்க பிள்ளை?"

மாமி யாழ்ப்பாணத்தில் மரக்கறி மட்டும் சமைக்கும் வீட்டிலிருந்து வந்தவர். கல்யாணமான புதிதில் எந்த மீனுக்கு என்ன பெயர் என்றும் தெரியாது. அவர் பழகுவதற்காக மாமா எழுதிவைத்தவை அவை. எனக்கு அது தெரியாது. ஆனால் வாசித்துக்கொண்டேதான் அழித்தேன். சமையல் குறிப்பு என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். மாமி சிரித்தார்.

"விடு. அந்தாள் எழுதினதில அரைவாசி பிழை. கிளிமீனுக்கு எழுதினபடி காய்ச்சி, ரெண்டு தரம் சட்டியோட கொட்டினனான்."

என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையைத்தான் சொன்னாரா, இன்றுவரை விளங்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பினார்.

"கலவாய்க்குக் கீழ மட்டும் சமையல் இல்ல. எனக்கெண்டு வேற ஒண்டு எழுதியிருந்தவர். முழுசா ஞாபகம் வருகுதில்லை. நீ வாசிச்சனியெல்லோ?"

"ஓம் மாமி," என்றேன். ஒரு சொல்லும் நினைவில் இல்லை; யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

அந்த எழுத்தின் நீளம் என் பட்டியலில் இருக்கிறது: ஏழு சென்ரிமீற்றர். என்ன எழுதியிருந்தது என்பது இல்லை. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பென்சில் தடம் தேடினேன். வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறேன். காலைத் தேநீரோடு அந்த வெளுத்த இடத்துக்கு முன்னால் நிற்கிறேன். 'பயப்படாதே' என்று தொடங்கியதாகச் சில நாள் தோன்றுகிறது. அது மாமாவின் சொல்லா, நானே இட்டு நிரப்புவதா, தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமி தொலைபேசியில் கூப்பிடுகிறார். எல்லாம் கதைத்து முடித்து, வைக்குமுன் கேட்கிறார்:

"கலவாய் ஏதும் சொன்னதோ?"