எபநேசர் காத்த பொறியை உடைக்காதீர்கள்

குச்சனூர்ச் சாலையோரத்து இந்தக் கரட்டடியில் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் துப்பாக்கி சுடும் கழகத்தாரே, தேனிக் கடைத்தெருவின் வணிகப் பெருமக்களே, எபநேசரோடு ஒரு குவளைத் தேநீரையேனும் பகிர்ந்துகொண்ட நல்லவர்களே, வணக்கம். அவரைப் புதைத்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அதற்குள், அவர் முப்பது ஆண்டுகள் பழுது பார்த்துப் பழுது பார்த்துக் காத்துவந்த பொறியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவதென்று இந்தச் சுடும் கழகத்தின் செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை வெட்டுகிறார்களாம். ஆகவே, அழுவதற்காக மட்டும் நான் இங்கே வரவில்லை.

அவர் மறைந்த செய்தி ஒரு முற்பகலில் என்னை வந்தடைந்தது. சின்னமனூரில் ஒரு திருமண மேடையில் மணமக்களை வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி மூன்றாம் முறையாக அதிர்ந்தது. எடுத்தேன். எபநேசரின் மகள் ரூத். "அய்யா, அப்பா போயிட்டாக" என்றார். வாழ்நாளில் எத்தனையோ மேடை ஏறியவன் நான். பாதியில் விட்டு இறங்கிய பேச்சு அது ஒன்றுதான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எபநேசர் தேனியில் மோட்டார் உதிரிப்பொருள் கடை நடத்தியவர். இந்தக் கழகத்தின் பின்னறையில் இருப்பது, சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெறுங்கூட்டை மீண்டும் நிரப்பித் தரும் கைப்பொறி. மலைமேல் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கப்பலில் வரவழைத்தது. அதைச் செய்த ஆலை இன்று உலகில் இல்லை. ஒரு மரை தேய்ந்தாலும், ஒரு வில் தளர்ந்தாலும் எழுதிக் கேட்க முகவரி கிடையாது. எபநேசர்தான் தேடிப் போக வேண்டும். போனார். அந்தப் பொறியை இயக்கும் உரிமமும் அவர் பெயரிலேயே இருந்தது.

அவரை நான் அறிமுகம் செய்துகொண்ட முறை எனக்குப் பெருமை தருவதன்று. கம்பத்து மலைச்சரிவில் ஒரு கடமானை எவரோ சுட்டுக் கொன்றிருந்த நேரம். கண்டனக் கூட்டத்தில் நான் முழங்கினேன். "தேனிக் கடைத்தெருவில் ஒரு கை இருக்கிறது. செத்த தோட்டாவுக்கு உயிர் கொடுத்து, உயிருள்ள மானைச் சாகடிக்கும் கை" என்றேன். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கூட்டம் கைதட்டியது.

மறுநாள் காலை அல்லிநகரத்தில் என் வீட்டு வாசலில் அவர் நின்றார். தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "நேத்துப் பேச்சு நல்லா இருந்துச்சுங்கய்யா, நானும் கைதட்டினேன். மெசினைப் பாத்துட்டுப் பேசியிருந்தீகன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு இங்கே அழைத்து வந்தார். தோட்டாக்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டு, வெறுங்கூடுகள் எண்ணி வாங்கப்படுவதைக் காட்டினார். குறிபார்த்துச் சுட வானில் எறியப்படும் களிமண் தட்டுகள் சிதறி, இந்தத் தரையெங்கும் ஓடாகக் கிடப்பதைக் காட்டினார். "எங்க கிளப்புல சாகுறது இந்த மண்ணு மட்டுந்தாங்கய்யா" என்றார். அந்த மானுக்கும் அவர் பொறிக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லையென்று எனக்கு அன்றே விளங்கியது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கய்யா, மைக்குல சொன்னதெல்லாம் காத்தோட போயிரும்" என்று சிரித்தார். நான் பழித்தது ஆயிரம் பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர் காதில்.

அதன்பின் எங்கள் நட்பு வளர்ந்தது. உதிரி உறுப்புகளை அவர் சிறுசிறு பெட்டிகளில் போட்டு, எந்த ஊரிலிருந்து, எவரிடமிருந்து வந்தது என்று ஒரு சீட்டும் கட்டி வைப்பார். பெட்டியின் மேல் தமிழ்ப் பெயர் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார். சுருள்வில், பல்தட்டு, கைந்நெம்பு என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில், "கடையில போயி சுருள்வில் இருக்கான்னு கேட்டேங்கய்யா. திருவிழாவுல வேசம் கட்டவான்னு கேக்குறான்" என்றார். கேலி செய்தாரே ஒழிய, ஒரு பெயரையும் மாற்றவில்லை. என் கையெழுத்து இன்னும் அந்தப் பெட்டிகளின் மேல் இருக்கிறது.

பல்தட்டு என்பது ஒவ்வொரு கூட்டையும் அடுத்த நிலைக்குச் சுழற்றித் தரும் எஃகு வட்டு. அதில் ஒரு பல் உடைந்து பொறி ஓராண்டு முடங்கியது. குமுளிக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் இதே இனப் பொறி ஒன்று முன்பு இருந்ததாகக் கேள்விப்பட்டு, கூடலூரில் ஜீப் பிடித்து இருவரும் போனோம். அங்கிருந்த மலையாளப் பண்டகக் காப்பாளர் கையை விரித்தார். "அதொக்கெ பண்டே போயி" என்றார்; அதெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். திரும்பி நடந்தோம். அப்போது தொழிலாளரை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு அழைக்கும் மணி அடித்தது. எபநேசர் நின்றுவிட்டார். பலாமரத்தடிக்குப் போய்ப் பார்த்தால், மணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது நாங்கள் தேடிவந்த பல்தட்டு.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று காப்பாளரே சொன்னார். நானும் அவசரப்பட்டேன். எபநேசர் கைவைக்கவில்லை. "இத எடுத்துட்டா நாளைக்கு இவுக எதை அடிச்சு ஆளைக் கூப்பிடுவாக? ஒரு இடத்துல இருந்து எடுத்தா, அங்கன வேலை நிக்கக் கூடாதுங்கய்யா." வெறுங்கையோடு இறங்கினோம். இரண்டு நாள் கழித்து ஜீப்பின் பட்டைவில் துண்டு ஒன்றை அளவாக அறுத்து எடுத்துக்கொண்டு மீண்டும் ஏறினோம். அதைக் கட்டித் தொங்கவிட்டு, கடைசித் தொழிலாளர் குடியிருப்புவரை ஓசை கேட்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார். கேட்கிறது என்று அங்கிருந்து கத்தினேன். என் தொண்டை உருப்படியாக ஒரு வேலை செய்தது அன்றுதான் என்று பின்பு ஊரெல்லாம் சொன்னார். அதன் பிறகே தட்டைக் கழற்றினார்.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்லமாட்டேன்; அவரே அதை ஒப்பமாட்டார். ஒருமுறை, போட்டி நெருங்கிய வேளையில், கைப்பிடியை மேலே இழுக்கும் சுருள்வில் அறுந்தது. கடையில் இருந்த ஜீப் வில் ஒன்றை மாட்டினார். மோட்டார்க் கடைக்காரருக்கு ஜீப் வில்மேல் இருக்கும் நம்பிக்கை அது. பொறி ஓடியது. பயிற்சியில் ஒரு தோட்டா வெடிக்காமல் முனகியது. ஈயக் குண்டுகள் குழலுக்குள்ளேயே நின்றன. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்து ஒருவர் முகம் போயிருக்கும். எபநேசர் கையை உயர்த்திக்கொண்டு திடலுக்குள் ஓடினார். அன்று நிரப்பிய அத்தனை தோட்டாக்களையும் தாமே ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடியும் அவருக்குப் பிடிபடவில்லை.

ரூத் வந்தார். பல ஆண்டுகளாக அப்பாவோடு அந்தப் பின்னறையில் வேலை செய்தவர். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியை நாலு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, ஸ்பிரிங் முந்துது. தட்டு உக்காரதுக்குள்ள கைப்பிடி மேல வந்துருது" என்றார். அதுதான் பிழை. வில்லின் முறுக்கு மிகுதியால் ஒரு கூடு மருந்து விழாமலே நகர்ந்திருக்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எபநேசர் எழுந்து நின்று, "தப்புப் பண்ணது நான். கண்டுபிடிச்சது ரூத்து. நோட்டுல ரெண்டையும் எழுதுங்க" என்றார். எழுதினார்கள். கழகத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் அது இருக்கிறது.

ஞாயிறுதோறும் ஆலயம் முடிந்து வீடு வந்ததும் அவர் என்னை அழைப்பார். ஏதாவது ஓர் உறுப்புக்குப் பெயர் கேட்பார். கடைசியாகக் கேட்டது, வெறுங்கூட்டின் அடியிலிருந்து தீர்ந்துபோன வெடிமூடியைத் தள்ளி விழச்செய்யும் ஒரு சிறு கம்பிக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு சொல் கிடைத்தது. உந்தூசி. வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். கேலி செய்ய எவரும் இல்லை. ஞாயிறு நண்பகலில் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய இரும்புக் கடை எதைக் கடந்தாலும் என் கால் தானே நின்றுவிடுகிறது. "அய்யா, அந்தா அந்தக் குவியலுக்கு அடியில பாருங்க" என்று ஒரு குரல் வரும் என்று நிற்கிறேன். வருவதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: பார்த்த பிறகு பேசு என்பது. முப்பது ஆண்டு மேடையில் நான் கற்காததை ஒரு காலையில் என் வாசலில் சொல்லிவிட்டுப் போனார்.

இனி வழக்குக்கு வருகிறேன். அவர் மறைவோடு உரிமம் முடிந்துவிட்டது. தம் பெயருக்கு உரிமம் கேட்டு ரூத் விண்ணப்பிக்க, இந்தக் கழகத்தின் பரிந்துரை மடல் ஒன்று வேண்டும். வேறொன்றும் வேண்டாம். செயற்குழு அதைத் தர மறுத்துப் பொறியை வெட்டச் சொல்கிறது. ஏன் என்று கேட்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். பொம்பளப் பிள்ளை கையில் இதைக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். அதற்கு என்னிடம் விடை இருந்தது. அடுத்து அவர் என் சொல்லையே எடுத்துப் போட்டார். "அது மானைக் கொல்ற மெசினுன்னு நீங்கதானே மைக்குல சொன்னீக. ஊருல இன்னும் அதையேதான் சொல்லுறாக." காற்றோடு போகும் என்று எபநேசர் சொன்னது போகவில்லை, நண்பர்களே. அவருடைய பொறியை வெட்டும் வாளாக என் சொல் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே இந்த ஒலிபெருக்கியில், இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். அன்று நான் சொன்னது பொய். பாராமல் சொன்ன பொய். அதைத் திரும்பப் பெறுகிறேன். நாளை முதல் நான் ஏறும் ஒவ்வொரு மேடையிலும் திரும்பப் பெறுவேன். என் சொல்லைக் காரணம் காட்டி எவரும் இனி அந்தப் பொறிமேல் கைவைக்க முடியாது. பெண் என்பதைக் காரணம் காட்டுவோர் உங்கள் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து, குழல் பிளக்காமல் காத்தவர் எவர் என்று படியுங்கள்.

பரிந்துரை மடலை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. கழகத் தலைவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நான்கு இருக்கை தள்ளி ரூத் இருக்கிறார். தலைவர் அவர்களே, எபநேசரின் படத்துக்கு மாலையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். இப்போது எழுந்து வாருங்கள். கையெழுத்திட்டு, அதை ரூத்தின் கையில் கொடுங்கள். கொடுக்கும்வரை நான் இந்த மேடையைவிட்டு இறங்கப் போவதில்லை.