சும்மாட்டைப் பறித்த நாள்

பள்ளியில் எனக்கு எதிரிகள் ஆறு பேர். நண்பன் ஒருவன். அந்த ஒருவனே போதுமானவனாக இருந்தான். அவன் கை அப்படி.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில், அந்த ஆறு பேரில் மூவர் என் தலையைப் பிடித்துக் காவேரிக்குள் அமுக்கினார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். மூன்றாவது முறை எனக்கு மூக்கில் இரத்தம் வந்துவிட்டது. நண்பன் மேல்படியிலிருந்து குதித்தான். ஒருவனின் காதைக் கடித்தான். இன்னொருவனின் கையை முறுக்கிப் படிக்கல்லில் மோதினான். எலும்பு முறிந்த சத்தம், தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. மூன்றாமவன் ஓடிவிட்டான்.

கை முறிந்தவனின் மாமன்மார் அன்று மாலையே காந்தி மார்க்கெட்டுக்கு வந்தார்கள். அங்கே என் அப்பாவுக்கு வாழைக்காய் மண்டி. வையம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நண்பனின் அப்பா அதே மண்டியில் வாழைத்தார் இறக்கும் சுமையாள். வந்தவர்கள் வாய் திறக்கும் முன்பே அவர் மகனை இழுத்துவந்து கயிற்றால் விளாசத் தொடங்கிவிட்டார். கடைசியில் அந்த மாமன்மாரே, "போதும், விடுய்யா" என்று தடுக்க வேண்டியதாயிற்று.

என் அப்பா என்னை அடித்ததே இல்லை. பாலக்கரை வீட்டில் என் மூக்கில் பஞ்சு வைத்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியரிடம் பேசி, அந்த மூவரையும் வேறு வகுப்புக்கு மாற்ற வைத்தார்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் தேறினேன். அவன் கணக்கில் தோற்றான். நான் கல்லூரிக்குப் போனேன், அவன் மண்டிக்குப் போனான். மண்டியில் சுமையாட்கள் பதினொரு பேர், அவன் பன்னிரண்டாவது. தனியாகப் பார்த்தால் "வாடா" என்பான். மற்றவர்கள் இருந்தால் என்னைத் தெரியாதவன் போல லாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பி.ஏ. பரீட்சை முடிந்த கோடையில் ஒருநாள் மண்டிக்குப் போனேன். லாரிக்காகச் சுமையாட்கள் காத்திருந்தார்கள். எல்லார் தலையிலும் சும்மாடு, சுமை உறுத்தாமலிருக்கத் துண்டைச் சுருட்டி வைத்திருப்பார்களே, அது. பள்ளியில் ஒருவர் பேனாவை ஒருவர் பறிப்போம். அந்த நினைப்பில் பின்னாலிருந்து அவன் சும்மாட்டைப் பறித்து உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"வந்து எடுத்துக்கடா பாக்கலாம்."

ஒரு சுமையாள் சிரித்தான். "மொதலாளி புள்ள சொல்றாருல்ல, குனிஞ்சு கும்பிட்டு வாங்கிக்க."

"அப்படியே கால்ல விழுந்துடு. கூலி கூடுதலா கெடைக்கும்" என்றான் இன்னொருவன்.

நண்பன் சிரிக்கவில்லை. "குடுத்துரு" என்றான், மெதுவாக. நான் அதை அவன் தலைக்கு மேலாக வீசினேன். அழுகிய வாழைச்சருகில் போய் விழுந்தது.

முதல் குத்து வாயில். முன்பற்கள் இரண்டு என் உள்ளங்கையில் கிடந்தன. இரண்டாவது காதில். கீழே விழுந்த என் மார்பில் ஏறி உட்கார்ந்தான். நான்காவதுக்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை.

மண்டி ஆட்கள் மூன்று பேர் தார் வெட்டும் அரிவாளோடு ஓடிவந்தார்கள். கணக்குப்பிள்ளை போலீசுக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கத்தினார். அவர்களை முந்திக்கொண்டு அவன் அப்பா வந்தார். மகனை மயிரைப் பிடித்துத் தூக்கித் தூணோடு சேர்த்து நிறுத்திக் கயிற்றை வீசினார். அரிவாளோடு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பதினாறாவது அடியில் அவன் சட்டை கிழிந்தது.

"போதும், நிறுத்துய்யா" என்றார் என் அப்பா.

"போலீசு வராதுன்னு சொல்லுங்க மொதலாளி. நிறுத்திடுறேன்."

அப்பா என் வாயைப் பார்த்தார். கயிறு நிற்கவில்லை. அவன் தூணில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றான். இன்னும் ஏழு அடி விழுந்தது.

"வராது. கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.

டாக்டரிடம் போகும் குதிரைவண்டியில் நான் கேட்டேன்: "எதுக்கு விட்டீங்க? என்னக் கொல்லப் பாத்தான்."

"ஸ்டேஷன்ல அவனக் கொன்னுருப்பாங்க. அதான் அவன் அப்பனே அடிச்சான். என்னால உன்ன அப்படிக் காப்பாத்தியிருக்க முடியாது."

"என் பல்லு போச்சு, நீங்க அவன் அப்பாவப் புகழ்றீங்க."

"வாய மூடு. ரத்தம் வருது."

தப்பு அவனுடையது என்றுதான் இன்றும் சொல்வேன். பல் போனது எனக்கு. அவன் அந்த வாரமே வேறு மண்டியில் சேர்ந்தான். அவன் அப்பா எங்களிடமே இருந்தார். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் அவன் சுமையோடு ஒதுங்கி நின்று, "வாங்க" என்பான். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.