ஒரு கை ஆற்றுத் தண்ணீர்

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது அத்தானின் வலது கை. குழித்த உள்ளங்கையில் தண்ணீர். விரலிடுக்கில் ஒழுகிய சொட்டுகளில் அடுக்களை விளக்கின் மஞ்சள். அந்தக் கையை மண்பானைக்கு மேலே பிடித்து மெல்லச் சாய்த்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. நான் பத்திரிகை நிருபர். டவுணிலிருந்து குறுக்குத்துறை ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் இருந்த அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் ஒரு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, நிற்பதும் திரும்ப வருவதுமாக இருந்தது. கண்கள் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பு சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா தினமும் காய்ச்சி வைத்தாள். அந்தப் பானைதான் இது.

“என்ன செய்யுதிய அத்தான்?”

“காய்ச்சுன தண்ணி செத்த தண்ணில்லா மாப்ள! ஒரு கை ஆத்துத் தண்ணி விட்டா உயிரு வந்திரும். தெனமும் விடுதேன்.”

முந்தைய நாள்தான் ஒரு செய்திக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். ஒரு சொட்டு ஆற்று நீரை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். வெளிச்ச வட்டத்துக்குள் கண்ணாடி உடம்புகள் சத்தமில்லாமல் மிதந்தன. அவற்றுக்கு நடுவே தூசியிலும் சின்னப் புள்ளிகள், அசைந்தபடியே. கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அத்தான் சொன்னது சரிதான். உயிர் இருந்தது.

அந்த உயிர்தான் பிள்ளைக்கு ஆகாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னால் அக்கா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். தயிர்ச்சட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் சாய்த்தாள். தயிர் அசையவில்லை.

“நேத்து இந்தப் பால்ல ஒரு கரண்டி மோருதான் விட்டேன். விடிஞ்சா சட்டி பூரா தயிரு. உங்க ஒரு கை எம்புள்ள வயித்துல என்ன செய்யும்?”

“அது மோருல்லா...” என்று ஆரம்பித்தார் அத்தான். தன் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டு வாழைக்கு ஊற்றினார். வெளியே பனி, ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து அவரே அடுப்பு மூட்டினார்.

அந்தத் தண்ணீர்தான் காரணமா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் பாலுக்கு உறை ஊற்றும் கையை எங்கே பார்த்தாலும், நன்மையும் தீமையும் ஒரே அளவில், ஒரே அமைதியோடு நுழைகின்றன என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில், பனி விலகுமுன், பிள்ளை வீடு அதிர அழுதான்.