கீழே விழுந்த கரியும் கோர்ட்டுக்குப் போன பையனும்

சிறுவர் கோர்ட்டில் நன்னடத்தை அதிகாரி என்றால் போலீஸ்காரருக்குப் பிடிக்காது, பெற்றவர்களுக்குப் புரியாது, மாஜிஸ்திரேட்டுக்கு அவசரத்தில் ஞாபகமே வராது. அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பிடிபடுகிற பையன்கள் எல்லாம் என் பொறுப்பு. பையனின் வீட்டைப் போய்ப் பார்த்து, அவனை அங்கேயே விடலாமா, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா என்று நான் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்ற சக பாவிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் ஆரோக்கியத்தின் கேஸைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பூப்போட்ட சட்டை

சிறுவர் கோர்ட்டுக்குள் போலீஸ்காரர் காக்கி உடுப்பில் வரக் கூடாது, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு விதி. விதி எழுதிய புண்ணியவான், பிடிக்கும்போது போட்டிருக்கிற உடுப்பைப் பற்றி யோசிக்கவில்லை. ராயபுரத்து ஏட்டு ஒருவர் எப்போதும் ஒரே பூப்போட்ட சட்டையில்தான் வருவார். காலில் மட்டும் பழைய பூட்ஸ் இருக்கும்.

அன்று அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தது பன்னிரண்டு வயது ஆரோக்கியத்தை. துறைமுகத்திலிருந்து கரி ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டி, ராயபுரத்து வளைவில் ஆடி ஆடித் திரும்பும்போது கொஞ்சம் கரியைக் கொட்டிவிட்டுப் போகும். அதைச் சாக்கில் பொறுக்கியதற்குத் திருட்டுக் கேஸ். பையனின் முழங்கையில் லத்தி பட்ட தடம் இன்னும் ஆறவில்லை. அவன் ஏட்டைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தான். "இன்னா நைனா, நேத்து லத்தி, இன்னிக்கிப் பூப்போட்ட சொக்காவா?"

எடுத்தது நிஜம்

வழக்கமாக இந்த மாதிரிக் கேஸ் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். 'தப்புதான் சார், இனிமே செய்ய மாட்டேன்' என்று பையன் அழுவான். மாஜிஸ்திரேட் ஒரு அதட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அழாதவன் திருந்தாதவன். அவனுக்குப் பதினெட்டு வயது வரை சீர்திருத்தப் பள்ளி. சட்டத்தில் இப்படி எங்கேயும் எழுதவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

"திருடினதை ஒத்துக்கிறியா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "எட்த்தேன் சார். திருடல" என்றான் ஆரோக்கியம். ஏட்டு அவன் காதில் ஏதோ முணுமுணுத்தார். நானும் கண்ணைக் காட்டினேன். பையன் அசையவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து வரும்படி எனக்கு உத்தரவு போட்டார். அடுத்த விசாரணையிலும் இதே பிடிவாதம் என்றால் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று அவனிடமும் சொன்னார். பையன் வாசலில் நின்று என்னிடம் சந்தேகம் கேட்டான்: "கீயே வுயுந்தது பசங்களுதுதானே, ஆபீசரம்மா? இதுகூடவா அவருக்குத் தெரியாது?"

கரையில் ஒரு காலை

அவன் அம்மா லூர்தம்மாள் மீன் விற்கிறவள். புருஷன் கடலோடு போய்விட்டான். மகனிடம் 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சத்தான் நான் போனேன். அவள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வாம்மா" என்று கரைக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

வலையிலிருந்து மீனைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு ஆட்கள் ஏலம் போடும் இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் மீன் துள்ளி விழுந்தது. பெரியவர்கள் ஒருவரும் குனியவில்லை. பின்னாலேயே ஓடி வந்த பிள்ளைகள் பொறுக்கிப் பாவாடையிலும் டவுசர் பையிலும் போட்டுக்கொண்டார்கள். கரையில் விழுந்தது பிள்ளைகள் பங்கு, காலகாலமாக அப்படித்தான் என்றாள் லூர்தம்மாள். யானைக்கவுனியில் எங்கள் அப்பாவின் பருப்புக் கடையிலும் மூட்டையிலிருந்து சிந்தியது பெருக்குகிறவளுக்குத்தான். அவளை யாரும் கோர்ட்டுக்கு இழுத்ததில்லை. இது எனக்கு அதுவரை தோன்றாமல் போனதே என்று ஆத்திரமாக வந்தது. லூர்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுயுந்த மீனை எட்த்தான்னு எந்த வலைக்காரனாவது புள்ளைய அடிச்சிக்கீறானா? நீயே கேளும்மா, தோ நிக்கிறாங்க எல்லாரும்."

மூன்று வேளை சோறு

என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். தகப்பன் இல்லை, தாய் பகலெல்லாம் தெருவில், வீடோ தண்டவாளத்துச் சுவரில் சாய்த்த குடிசை. 'வீட்டுச் சூழல் சரியில்லை' என்று எழுதிவிடுங்கள், பள்ளியில் மூன்று வேளை சோறும் தச்சு வேலையும் கிடைக்கும் என்றார். அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று சுவரைப் பார்ப்பார்கள்.

'தாய் நல்லவள், வீடு போதும், பையனை வீட்டுக்கு அனுப்பலாம்' என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் குரல் அடுத்த அறை வரை கேட்டிருக்க வேண்டும், டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படியே போனால் உங்களை மாதவரத்துக்குத் தள்ளிவிடுவார்கள், ஞானம். பால் பண்ணை மாடுகளுக்கு நன்னடத்தை பார்க்கலாம்."

ஏட்டின் சாட்சி

விசாரணை நாளில் மாஜிஸ்திரேட்டின் பக்கத்தில் கௌரவ மாஜிஸ்திரேட் அம்மாள் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். "தப்புன்னு சொல்லிடு கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். ஆரோக்கியம் அம்மாவைப் பார்த்தான். லூர்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் 'சொல்லு' என்று அவள் தலையாட்டவில்லை.

மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன். ஏட்டை ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். சரி என்றார். "ஏட்டய்யா, நீங்களும் ராயபுரத்துக் கரையில் வளர்ந்தவர்தானே? சின்ன வயசில் விழுந்த மீனைப் பொறுக்கியிருக்கீங்களா?" ஏட்டு பூப்போட்ட சட்டையின் பொத்தானைத் திருகினார். "பொறுக்கிக்கீறேம்மா" என்றார். காக்கியில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. "கரை வேறு, ரயில்வே வேறு!" என்று மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார். ஆரோக்கியம் ஒரு அடி முன்னால் வந்தான். "அப்ப ரயில்காரனாண்ட சொல்லு சார், கீயே வுயாம எட்த்துக்கினு போவச் சொல்லு!"

நிபந்தனை

கௌரவ மாஜிஸ்திரேட் அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு இருவரும் குனிந்து வெகு நேரம் பேசினார்கள். பையனை என் மேற்பார்வையில் தாயிடம் விடுவதாக உத்தரவு வந்தது. லூர்தம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரே ஒரு நிபந்தனை: ஆரோக்கியம் தண்டவாளத்துப் பக்கமே போகக் கூடாது.

குடிசை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன், யாரும் படிக்கவில்லை. முதல் மாதம் பார்க்கப் போனபோது ஒரு கூட்ஸ் வண்டி குடிசையையே ஆட்டிவிட்டுப் போனது. வாசலில் நான்கு கரிக்கட்டிகள் வந்து விழுந்தன. பையன் அதைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். "நான் வூட்டுக்குள்ள போவலாமா, கூடாதா? ஜட்ஜையாவாண்ட கேட்டுச் சொல்லு, ஆபீசரம்மா. அதுவரிக்கும் இங்கியே நிக்கிறேன்."

நான் யாரையும் கேட்கவில்லை, அந்தக் கரியை நானே பொறுக்கி லூர்தம்மாளின் அடுப்படியில் போட்டேன். கரி சிந்தாமல் ஒரு வண்டியை ஓட்டத் தெரியாத ராஜ்ஜியம், அது விழுகிற இடத்தில் பிறந்த பையனைத் திருத்துவதற்குத்தானே எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது.